பெத்தேலில் உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஷேடி ஃபோர்க், அலபாமா
அக்டோபர் 12, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோண்டா எழுதுகிறேன். நான் நலம். முடி அலங்காரக் கடையும் நலம். இந்த வாரம் சுருள் வைத்துக்கொண்ட யாரும் கண்ணாடியைப் பார்த்து அழவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரத்த அழுத்தம்? இருதயம்? ஒரு காரணமாகத்தான் கேட்கிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெத்தேல் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். ஏப்ரலில் குழு கூடி முடிவு செய்யும், அதற்கு மேல் இடம் கிடையாது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஹாய்ட் லெட்பெட்டரிடம் போய்க் கேட்டேன். டயர் ஆலையில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்த அதே ஹாய்ட்தான் இப்போது குழுத் தலைவர்.

"பெத்தேல்ல ஒனக்கு யாரும்மா இருக்காங்க?" என்றார்.

"அதான் நான் இருக்கேனே."

"நீ மேல இருக்க. நான் கீழ கேக்குறேன்."

குடும்பத்தில் ஒருவராவது ஏற்கெனவே உள்ளே இருந்தால்தான் அடுத்தவருக்கு இடமாம். அப்படியானால் முதல் ஆள் எப்படி உள்ளே போனார் என்று கேட்டேன். அதெல்லாம் கொள்ளுத் தாத்தா காலத்திலேயே முடிந்த கதை என்கிறார்.

அங்கே படுத்திருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டவள் நான். எந்த அம்மாவுக்கு எந்தப் பக்கம் வகிடு என்று அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனால் மே மாதம் அலங்கார ஞாயிறு வந்தால் என் கதி என்ன என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குப் பூ வைத்து, பக்கத்திலேயே விரிப்பைப் போட்டுச் சாப்பிட உட்காரும். நான் மசாலா முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லறை கல்லறையாகச் சுற்றுவேன். எல்லோரும் அன்பாகத்தான் "வாம்மா, ஒக்காரு" என்கிறார்கள். அந்த 'வாம்மா'தான் எனக்கு உறுத்துகிறது. சொந்தக்காரியை யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள். நகர்ந்து இடம் விடுவார்கள்.

ஆகவே அப்பா, அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் காலம் வரும்போது பெத்தேலுக்கே வந்துவிடுவதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் குழுவிடம் காட்டுவேன்.

அம்மாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகள்,
ரோண்டா


கோப்பர் பே, மிச்சிகன்
அக்டோபர் 24, 1997

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு இன்னும் இருபது வருடம் ஓடும் என்றார். நீ ஏப்ரல் என்கிறாய். என்னால் முடியாது போலிருக்கிறது.

இருபத்தைந்து வருடம் அந்த வெயிலில் வெந்தேன். ஆலைக்குள் டயர் வெந்தது, வெளியே வந்தால் நான் வெந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் உன் அம்மாவையும் கட்டில் மேசைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனி கண்ணில் படும்வரை நிறுத்தாமல் ஓட்டினேன். செத்த பிறகு திரும்ப அங்கேயா? நெருப்பெறும்புப் புற்றுக்கு நடுவிலா? நியாயத்தீர்ப்பு நாள் வரை ஹாய்ட்டுக்குப் பக்கத்தில் படுத்து அவன் கால்பந்துப் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்து?

இங்கே ஜனவரியில் போனால் நிலம் பாறையாய் உறைந்து கிடக்கும். மே மாதம் வரை உடலைக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். நல்ல குளிர்ச்சியான கொட்டகை. எனக்கு அது போதும்.

உனக்கு என்ன குறை? ஆறு வயது வரை நீயும் இந்த ஊர்க்காரிதான். நம் ஆட்கள் இரண்டு வரிசை நிறையப் படுத்திருக்கிறார்கள். இங்கே வந்து படு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு லேசான சளி. மற்றபடி அவளும் நலம்.

அப்பா,
ஆர்விட் நீமி


ஷேடி ஃபோர்க்
நவம்பர் 9, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இருபது வருடம் என்று மருத்துவர் சொன்னது பற்றி மகிழ்ச்சி. மனதாரத்தான் சொல்கிறேன். அம்மாவின் சளிக்கு மஞ்சள் டப்பா மருந்தைத் தடவச் சொல்லுங்கள்.

"இங்கே வந்து படு" என்று எழுதியிருக்கிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தேனே, மறந்துவிட்டதா? சித்தப்பா பையன்கள் என்னை நடுவில் உட்காரவைத்து, "ஏதாவது பேசு, ஏதாவது பேசு" என்றார்கள். வாயைத் திறந்தேன். "டேய், தெற்கத்திக்காரி பேசுறாடா" என்று ஒரே சிரிப்பு. மளிகைக் கடைக்காரரை ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டதற்கு, நக்கல் செய்கிறேன் என்று அவருக்குக் கோபம். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கேட்டதற்கும் முறைத்தார்கள். டிசம்பரில் கேட்டேன், அது என் தப்புதான்.

இங்கே எப்படி? நாம் வந்த முதல் வாரமே ஹாய்ட்டின் அம்மா சொன்னாரே: "பூனை அடுப்புல குட்டி போட்டா, குட்டி ரொட்டி ஆயிடுமா?" முப்பத்தோரு வருடமாக நான் அந்தக் குட்டி, இங்கேயே வளர்ந்தும் இந்த ஊர்க்காரி ஆகாதவள். நேற்றுகூட ஹாய்ட் அதைச் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை, என் முட்டையைத் தின்றுகொண்டேதான் சொன்னார்.

நீங்கள் வெளியூர்க்காரராக வந்தீர்கள், வெளியூர்க்காரராகவே இருந்தீர்கள், திரும்பிப் போக உங்களுக்கு ஓர் இடம் இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பேசியதைப் பேசினேன், அவர்கள் தின்றதைத் தின்றேன், அவர்கள் அழுத சாவுக்கு நானும் அழுதேன். இப்போது எனக்கு வேறு ஊர் கிடையாது அப்பா. விளையாட்டாக எழுத ஆரம்பித்தேன், இங்கே வந்து நிற்கிறது.

எழுதிக் கொடுப்பதெல்லாம் செல்லாது என்று ஹாய்ட் சொல்லிவிட்டார். "ஆளு வரணும்மா. காயிதத்த வச்சு நான் என்ன பண்ண?" என்கிறார்.

குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ரோண்டா


கோப்பர் பே
டிசம்பர் 14, 1997

அன்பு ரோண்டாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. இரண்டு தடவை படித்தேன்.

இங்கே இடுப்பளவு பனி. நாங்கள் நலம். விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். கோடாலி கிழவர்களுக்கு ஆபத்து என்று உன் அம்மா ஓயாமல் சொன்னதால் வாங்கினேன். அருமையான இயந்திரம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊரில் அதை எங்கே போடுவாய் என்று தெரியவில்லை, ஆனாலும் வைத்துக்கொள்.

மற்ற விஷயத்தை யோசிப்பதாக எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

அப்பா

ரோண்டா கண்ணு, அவர் தபால்தலை தேடப் போன நேரத்தில் எழுதுகிறேன். நான் வரத் தயார். நாற்பத்தைந்து வருடம் இந்த மனிதரின் குறட்டையைக் கேட்டாயிற்று. வேறு மாநிலத்தில் படுத்தால் எனக்குப் புண்ணியம். அந்த மக்னோலியா மரத்தடியில் இடம் இருக்கிறதா என்று கேள். ஆனால் உடனே முடியாது. புதிதாக ஒரு ரோஜா வைத்திருக்கிறேன், அது என்ன நிறம் பூக்கிறது என்று பார்க்க வேண்டும். சளி போய்விட்டது. அம்மா.


ஷேடி ஃபோர்க்
ஜனவரி 4, 1998

அன்புள்ள அப்பா, அம்மா,

புத்தாண்டில் உங்கள் இருவருக்கும் நல்ல சுகம் உண்டாகட்டும். அம்மா, நீங்கள் ரோஜாவைப் பார்த்துவிட்டே வாருங்கள். அப்பா, நீங்கள் யோசிப்பதற்கு ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. காலுறையைக் கடையில் ஹேர் டிரையர் மேல் காயப் போட்டிருக்கிறேன். வருகிற பெண்கள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு இது எந்த மிருகம் என்று கேட்கிறார்கள்.

ரோண்டா


ஷேடி ஃபோர்க்
பிப்ரவரி 1, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? பதில் காணோம். கோபமா? ஹேர் டிரையரைப் பற்றி எழுதியதற்கா? தொலைபேசியில் கூப்பிட்டால் வெறும் கொர்ரென்ற சத்தம். புயலில் உங்கள் பக்கம் கம்பி அறுந்துவிட்டது என்று தொலைபேசிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு வரி போடுங்கள்.

ரோண்டா


ஷேடி ஃபோர்க்
பிப்ரவரி 12, 1998

அப்பா,

எனக்குக் குழி வேண்டாம். இடமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். அவசரம் இல்லை, ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது என்று எழுதினேனே, அந்தக் கை அழுகிப்போக. கொட்டகை குளிர்ச்சியாக இருக்கும் என்று நீங்கள் எழுதியது கண்ணை மூடினால் வருகிறது. கடையில் மிஸ் ஓப்பலுக்குத் தலைச்சாயம் பூசும்போது அழுதுவிட்டேன், பாவம், அவர் நிறம் நன்றாக வரவில்லை என்று பயந்துவிட்டார்.

நலமா என்று இத்தனை கடிதத்தில் கேட்டிருக்கிறேன். இப்போதுதான் உண்மையாகக் கேட்கிறேன். நலமா அப்பா? இந்த வாரமும் பதில் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன். பனியில் ஓட்டத் தெரியாது, ஆனாலும் வருவேன்.

ரோண்டா


கோப்பர் பே
பிப்ரவரி 16, 1998

ரோண்டா கண்ணு,

வண்டியை எடுக்காதே. கையெழுத்துதான் என்னுடையது, பேச்சு உன் அப்பாவுடையது. அவர் இடதுகைக்காரர், இடது கையில் பெரிய கட்டு. வாயில் வருவதை அப்படியே எழுதச் சொல்கிறார். அடைப்புக்குள் வருவது நான்.

"ரோண்டா, நான் சாகல. மொதல்ல அத எழுது. எழுதிட்டியா? (எழுதிவிட்டேன்.) கட்டுரை எழுதச் சொல்லல, சும்மா எழுது. போன மாசம் அந்த மெஷினு என் சுண்டு வெரல வாங்கிக்கிச்சு. மெஷினு நல்ல மெஷினு, தப்பு என்னுது. (குளிருக்கு ஒரு மடக்குப் போட்டிருந்தார்.) அத எழுதாத. வெரல் பறந்துபோய்ப் பனில எங்கயோ விழுந்துடிச்சு. கொண்டாந்தா ஒட்டலாம்னாங்க ஆஸ்பத்திரில. வெளிய புயலு, எவன் போய்த் தேடுறது? அப்புறம் கையில சீழ் வச்சு, அங்கயே படுக்க வச்சுட்டாங்க. ஒங்கம்மா பக்கத்துலயே இருந்தா. (நாற்காலியில். என் இடுப்பே போய்விட்டது. தபால் பெட்டியைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. நீ பனியில் வண்டியை எடுத்துவிடுவாய் என்று அங்கிருந்து உன்னைக் கூப்பிடவும் அவர் விடவில்லை.)

"முந்தாநேத்துதான் வீட்டுக்கு வந்தோம். விறகு அடுக்குக்குப் பக்கத்துல வெரல் கெடந்துச்சு. (நான் கண்டெடுத்தேன். பனி பத்திரமாக வைத்திருந்தது, நகம்கூட அப்படியே.) தூக்கிப் போட மனசு வரல. எழுவது வருஷம் கூடவே இருந்த பய. ஐஸ் பெட்டில மீன் பொட்டலத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். (அந்த மீனை இனி நான் தொட மாட்டேன்.)

"ஒன் கடுதாசி எல்லாம் ஒண்ணாப் படிச்சேன். கடைசிது இன்னிக்கிக் காலைல வந்துச்சு. குழி வேணாம்னு எழுதியிருக்க. ஏன் வேணாம்? அடுப்புல வளந்த குட்டியத் தூக்கி வாசல்ல போட்டா குளுரு தாங்குமா? அது ரொட்டியா இல்லியாங்குறது ஹாய்ட்டோட கவல. குட்டிக்கு எங்க சூடோ அதான் வீடு. சரி, ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஆளு வரணும்னு சொன்னான்ல ஹாய்ட்டு? முழு ஆளா வரணும்னு சொன்னானா?"

(அவர் சிரிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அதனால் நானும் திட்டாமல் எழுதிவிட்டேன். அம்மா.)


ஷேடி ஃபோர்க்
ஏப்ரல் 19, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கை ஆறிவிட்டதா? கட்டுப் பிரித்ததை அம்மா தொலைபேசியில் சொன்னார். குழுக் கூட்டத்தைப் பற்றி எழுத்தில்தான் சொல்வேன் என்று அம்மாவிடம் பிடிவாதமாக இருந்தேன். நீங்கள் நான்கைந்து தடவை படிப்பீர்கள் என்று தெரியும்.

நேற்று தேவாலயக் கூடத்தில் குழு கூடியது. நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"வெரலெல்லாம் ஆளுக் கணக்குல வருமாம்மா?" என்றார் ஹாய்ட்.

"பாதிரியார் என்னன்னு ஜெபம் பண்ணுவாரு?" என்றார் இன்னொருவர். "மொதல்ல அந்த வெரல் ஞானஸ்நானம் வாங்கியிருக்கா? அவங்க லூத்தரன் ஆளுங்க, சும்மா தண்ணியத் தெளிச்சு விட்டுருவாங்க. நம்ம கோயில்ல முங்குனாத்தான் கணக்கு."

நீங்கள் ஏரியில் மீன் பிடித்த காலமெல்லாம் அது முங்கியதுதான் அதிகம், வெளியே இருந்தது குறைவு என்று சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அப்போது மிஸ் ஓப்பல் த்ரெட்கில் கைத்தடியைத் தரையில் தட்டினார். தொண்ணூறு வயது, அவர் வாயைத் திறந்தால் பாதிரியாரே உட்கார்ந்துவிடுவார்.

"ஹாய்ட்டு, கெழக்கு வேலியோரம் எங்க தாத்தா கல்லு இருக்குல்ல, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

"தாத்தா இருக்காரும்மா."

"தாத்தாவோட காலு இருக்கு. மர மில்லுல போன காலு. அத இங்க பொதச்சுட்டு, மிச்ச ஆளு டெக்சஸ்ல மக வீட்டுக்குப் போயி அங்கயே செத்துப் போனாரு. த்ரெட்கில் குடும்பத்துல இந்த மண்ணுக்கு மொத வந்தது அந்தக் காலுதான். அது பின்னாடிதான் எங்க ஆளுங்க பதினாலு பேரு வந்து படுத்துருக்காங்க. காலு ஆளுன்னா வெரலும் ஆளுதான். இல்லன்னா அந்தப் பதினாலு பேரையும் தோண்டி வெளிய எடு."

யாரும் தோண்டத் தயாராக இல்லை.

ஹாய்ட் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அந்தக் கைய எனக்கு நல்லாத் தெரியும்மா. பதினெட்டு வருஷம் என் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கிட்டே இருந்த கையி. சரி, கொண்டா. பொதச்சுருவோம்" என்றார்.

மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஒழுங்கான பெட்டி. கல். கல்லில் பெயர். கடைசி வரிசையில் மூன்று பேருக்கு இடம், மக்னோலியாவுக்குக் கொஞ்சம் தள்ளி.

அப்பா, நான் கூடத்தை விட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தால் ஹாய்ட் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார். அலங்கார ஞாயிறுக்கு முட்டைத் தட்டு இரண்டாகக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

ரோண்டா


கோப்பர் பே
ஏப்ரல் 27, 1998

ரோண்டா,

நலம். வலது கையால் எழுதுகிறேன், கோணலுக்கு மன்னிக்கவும். மே எட்டாம் தேதி பேருந்தில் வருகிறேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, வரவில்லை. அவனை ஐஸ் டப்பாவில் கொண்டுவருகிறேன். மீனும் அதிலேயே இருக்கிறது. ஹாய்ட்டுக்குக் கொடு, ஒன்றும் சொல்லாதே.

கல்லில் இப்படிப் போடச் சொல்: "ஆர்விட் நீமி. மீதி மிச்சிகனில், நலம்."

அப்பா


ஷேடி ஃபோர்க்
மே 11, 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? ரோஜா மொட்டு விட்டதா? அப்பா இன்று காலை பேருந்து ஏறிவிட்டார். நேற்று நடந்ததை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். "சூடு, எறும்பு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலமே புதைத்துவிட்டோம். பெட்டிக்கு என் பழைய நகச்சாயப் பெட்டி. பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வியர்த்துக் கொட்டியது, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு காலை என் விரிப்பை நம் கல்லுக்குப் பக்கத்தில் போட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரம் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம், நான் தட்டில் இருந்த முட்டைகளை இரண்டு தடவை எண்ணினேன். பிறகு மிஸ் ஓப்பல் கோழி வறுவலோடு வந்தார். வந்தவர், "நகந்து ஒக்காரு" என்றார். 'வாம்மா' இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்து லெட்பெட்டர்கள் வாழைப்பழப் புட்டிங்கோடு வந்தார்கள். வரிசையாக வந்து குனிந்து கல்லைப் படித்துவிட்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும், "திடீர்னு போயிட்டான்" என்று பதில் சொன்னார். இரண்டு தட்டு முட்டையும் மதியத்துக்குள் காலி. அந்த மீனை ஹாய்ட் இரண்டு தடவை வாங்கித் தின்றார்.

வேலியோரம் புதிதாக ஒரு குடும்பம் நின்றது. போன மாதம்தான் ஒஹாயோவிலிருந்து வந்திருக்கிறார்கள், கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் ஜெல்லிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தக் கல்லுக்குப் போவது என்று தெரியாமல் நின்றாள். நான் எழுந்திருப்பதற்குள் அப்பா கையை ஆட்டிவிட்டார்.

"இங்க வாங்க. எங்க குழில நெறைய எடம் இருக்கு. ஒரே ஒரு வெரல்தான்."

அவர்கள் பயந்துபோய்த்தான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். அந்த மனிதர் மரியாதைக்கு, "நீங்க இந்த ஊருங்களா ஐயா?" என்று கேட்டார்.

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவ முழுசா" என்றார்.

ஹாய்ட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அம்மா. வாயில் புட்டிங் இருந்தது. பூனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்,
ரோண்டா


கோப்பர் பே
மே 23, 1998

அன்பு ரோண்டாவுக்கு,

இங்கே நாங்கள் ஒன்பது விரல்களும் நலம். அங்கே அவன் நலமா? எறும்பு வந்தால் சுடுதண்ணீர் ஊற்று, மருந்து அடிக்காதே, அவனுக்கு வாசனை ஆகாது.

அம்மாவின் ரோஜா மஞ்சள். அவளுக்கு ஏமாற்றம். சிவப்பு எதிர்பார்த்தாள். அதனால் இன்னொன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாளாம். என் மீதியைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை, கொட்டகையையும் மறக்க முடியவில்லை. எதுவானாலும் அடுத்த மே மாதம் வருகிறேன். சொந்தக் கல்லுக்கு வந்து பூ வைக்காதவனைப் பற்றி உங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கடைக்காரன் இங்கே கேட்கிறான், ஐஸ் போட்ட அந்தத் தேநீரில் எவ்வளவு சர்க்கரை போடுவாய்?

அப்பா